பேஷண்ட் பேசும் ஆங்கிலம்

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஇடிக்குப் படித்துக்கொண்டிருக்கும் தங்கை ஒருத்தி, "அக்கா, ஃப்ரேசல் வெர்ப் லிஸ்ட் இருந்தால் அனுப்புங்கள், மனப்பாடம் பண்ணிவிடுகிறேன்" என்று கேட்டிருந்தாள். ஒரு வினையோடு அப், அவுட் மாதிரி சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். லிஸ்ட் என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். இணையத்தில் அப்படிப்பட்ட பட்டியல்கள் எத்தனையோ கிடக்கின்றன. 'கெட்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை, கெட் த்ரூ என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ராத்திரி உட்கார்ந்து படித்தால் காலையில் எல்லாம் குழம்பிக் கிடக்கும்.

அந்தப் பட்டியல்கள் தலைகீழாகப் போடப்பட்டவை என்பது என் கருத்து. கெட், கம், கோ, புட், டேக் போன்ற வினைகள் தனியாக நின்றால் அனேகமாக ஒன்றுமே சொல்லாது. பின்னால் வரும் அப், அவுட், ஆஃப், ஓவர் என்ற சின்னச் சொல்தான் வேலையைச் செய்கிறது. அதிலிருந்து ஆரம்பித்தால் படிக்கவேண்டியது பாதியாகக் குறையும். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எனக்குத் தெரிந்த இடம் வார்டு. அதனால் எல்லா உதாரணமும் வார்டிலிருந்துதான்.

நான் வட இங்கிலாந்தில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். வருகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள், வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்கள். அவர்கள் பேசுவது நாம் நர்சிங் காலேஜில் படித்த ஆங்கிலம் இல்லை. 'வாமிட்டிங்', 'ஸ்வெல்லிங்', 'அன்கான்ஷியஸ்' எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதுகிற சொற்கள். வலியிலும் பயத்திலும் இருக்கிற ஒருவர் சின்ன வயதில் வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்களில்தான் பேசுவார். நம் ஊரில் யாராவது "எனக்குக் குமட்டல் உணர்வு ஏற்படுகிறது" என்று சொல்வார்களா? "வயித்தைப் புரட்டுதும்மா" என்பார்கள். அதே மாதிரிதான் இங்கேயும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் ஒரு பாட்டி சொல்லக்கூடிய வாக்கியம் இது: "ஐ வாஸ் த்ரோயிங் அப் ஆல் நைட், லவ். குடன்ட் கீப் எனிதிங் டவுன். தென் ஐ கேம் ஓவர் ஆல் டிஸி அண்ட் நியர்லி பாஸ்ட் அவுட்." இந்தப் பக்கத்தில் 'லவ்' என்பது நாம் கண்ணு, ராசா என்கிற மாதிரி. அதை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பதில் மருத்துவச் சொல் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் நர்ஸுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ராத்திரி பூரா வாந்தி, சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை, திடீரென்று தலை சுற்றியது, மயக்கம் போடும் அளவுக்குப் போய்விட்டது. உடனே பிரஷர் பார்க்க வேண்டும், உடம்பில் நீர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும், இவரைத் தனியாக எழுந்து நடக்க விடக்கூடாது.

இப்போது வினைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். த்ரோ, எறி. கீப், வைத்துக்கொள். கம், வா. பாஸ், கட. நான்கையும் வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. சின்னச் சொற்களைப் பாருங்கள். வயிற்றில் இருந்தது மேலே வந்தது, அதனால் அப். கீழேயே இருக்கவேண்டியது இருக்கவில்லை, அதனால் டவுன். ஏதோ ஒன்று மேலே வந்து கவிந்தது, ஓவர். நினைவு அணையப் பார்த்தது, அவுட். பாட்டி திசைகளால் பேசிக்கொண்டிருக்கிறார். உடம்புக்குள் நடப்பதற்கு இதைவிடத் தெளிவாக வரைபடம் போட முடியாது.

இந்த வித்தை நமக்குப் புதிதும் இல்லை. 'வாங்கு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டான், வாங்கிக்கொடுத்தான், வாங்கிவைத்தான், வாங்கிப்போட்டான், வாங்கித்தள்ளினான். எல்லாவற்றிலும் வாங்கியது என்னவோ வாங்கியதுதான். தனக்காக வாங்கினானா, பிறருக்கா, பிறகு தேவைப்படும் என்றா, விலை ஏறும் என்றா, கணக்கு வழக்கில்லாமலா என்பதைப் பின்னால் ஒட்டுகிற துணைவினை சொல்லிவிடுகிறது. "ஊருக்கு வெளியே இரண்டு கிரவுண்டு வாங்கிப்போட்டான்" என்று சொன்னால் யாரும் எதையும் கீழே போட்டதாக நினைப்பதில்லை. ஆங்கிலமும் இதே வேலையைச் செய்கிறது. நாம் துணைவினை வைக்கும் இடத்தில் அது ஒரு திசையை வைக்கிறது: மேலே, கீழே, வெளியே, உள்ளே, விலகி, சுற்றி, ஊடே, தாண்டி. அடிக்கடி வரும் திசைகள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும்.

'அப்'பிலிருந்து ஆரம்பிக்கலாம். இருப்பதிலேயே அதிகம் உழைக்கிற சொல் அதுதான்.

முதலில் நேரடியாக மேலே. சிட் அப் என்றால் படுத்திருப்பவர் எழுந்து உட்காருவது. த்ரோ அப், ப்ரிங் அப், காஃப் அப் எல்லாம் உள்ளே இருப்பது மேலேறி வெளியே வருவது. முதல் இரண்டும் வாந்தி. மூன்றாவது பெரும்பாலும் சளி. ப்ரிங் அப் இரண்டுக்கும் வரும் என்பதால் "ஆர் யூ ப்ரிங்கிங் எனிதிங் அப்?" என்று இருமுகிறவரிடம் கேட்டால் சளி வருகிறதா என்று அர்த்தம். ஊசி மருந்தை சிரிஞ்சில் இழுப்பது ட்ரா அப். ட்ரிப் பாட்டிலைத் தொங்கவிடுவது புட் அப், கழற்றுவது டேக் டவுன்.

அடுத்தது அதிகமாவது. மேலே போவதும் கூடுவதும் மனிதர்களுக்கு ஒன்றுதான். நாமும் விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது என்றுதான் சொல்கிறோம். கணுக்கால் ஸ்வெல்ஸ் அப், மூட்டுவலி ஃப்ளேர்ஸ் அப். திரும்பக் குறையும்போது டவுன். வீக்கம் கோஸ் டவுன், பதற்றம் அடங்குவது காம் டவுன். இது தமிழனுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மூன்றாவதுதான் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது. அப் என்றால் முழுவதும், மிச்சமில்லாமல். ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப், ட்ரை அப், ஹீல் அப். இதில் மேலே போவது எதுவும் இல்லை. பாத்திரம் நிரம்பி விளிம்பைத் தொட்டால் அதற்கு மேல் இடமில்லை, அங்கே அந்தக் காரியம் முடிந்தது. அந்த எல்லையைத்தான் அப் காட்டுகிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். தமிழில் இந்த இடத்தில் 'விடு' வரும், அழுத்தமாகச் சொன்னால் 'தீர்' வரும். "டீயைக் குடிங்க" என்பதற்கும் "டீயைக் குடிச்சிடுங்க" என்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் ட்ரிங்க் யுவர் டீ என்பதற்கும் ட்ரிங்க் அப் என்பதற்கும். சாப்பாட்டு சார்ட் எழுதும்போது இது முக்கியம். உதவியாளர் வந்து "ஷி ஏட் சம் ஆஃப் இட்" என்றால் கொஞ்சம் சாப்பிட்டார். "ஷி ஏட் இட் ஆல் அப்" என்றால் தட்டு காலி.

நான்காவது, கண்ணுக்குத் தெரிய வருவது. எக்ஸ்ரேயில் ஒரு கீறல் ஷோஸ் அப். வராமலிருந்த மகன் விசிட்டிங் நேரத்தில் டர்ன்ஸ் அப். கீழே மறைந்திருந்தது மேலே வந்தது என்று பாருங்கள், போதும்.

அவுட்டுக்கு வருவோம். உள்ளே இருந்தது வெளியே வருவது எளிது. தையல் பிரிக்கும்போது "த ஸ்டிச்சஸ் ஆர் கமிங் அவுட் டுடே". உடம்பு பூராவும் தடிப்பு என்றால் "ஐ'வ் கம் அவுட் இன் எ ராஷ்". புது மாத்திரை ஆரம்பித்த அன்று இதைக் கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். "ஐ'வ் புட் மை பேக் அவுட்" என்றால் முதுகு பிடித்துக்கொண்டது, முதுகில் ஏதோ இடம் மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றுகிறது. இன்னொரு வகை அவுட், இருந்தது தீர்ந்தோ அணைந்தோ போவது. மாத்திரை தீர்ந்தால் ரன் அவுட். விளக்கு அணைந்தால் கோ அவுட். மனிதரின் நினைவு அணைந்தால் பாஸ் அவுட், பிளாக் அவுட். களைத்து ஒன்றும் மிச்சமில்லாமல் ஆனால் வோர்ன் அவுட்.

பாஸ் அவுட் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டில் காலேஜ் முடித்ததை "ஐ பாஸ்ட் அவுட் இன் 2014" என்று சொல்கிறோம். அது ஏதோ அறியாமையால் வந்த வழக்கம் என்று சிலர் கேலி செய்வார்கள். அப்படி இல்லை. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்கு ஆங்கிலத்திலேயே பாஸிங் அவுட் பரேட் என்றுதான் பெயர். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்திலும் அதே பெயரில்தான் நடக்கிறது. வாசல் தாண்டி வெளியே போவது என்ற அந்த அவுட்டை நாம் காலேஜுக்கும் எடுத்துக்கொண்டோம். பிரிட்டனில் பொதுமக்கள் வாயில் அது மயக்கம் போடுவதற்கு ஒதுங்கிவிட்டது. இன்டர்வியூவில் "ஐ க்வாலிஃபைட் இன் 2014" என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் ஒரு கணம்கூடத் தயங்க மாட்டார்.

பாஸ் அவுட்டும் பாஸ் அவேயும் ஒரே வினைதான். ஒன்று மயங்குவது, மற்றது இறப்பது. நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுக்க அந்த ஒரு சின்னச் சொல். அவுட் என்றால் இங்கேயேதான் இருக்கிறார், விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. அவே என்றால் தூரமாகப் போய்விட்டார், இனி கண்ணுக்குத் தெரிய மாட்டார். தொலைபேசியில் ஒரு மகளிடம் பேசும்போது இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் சாவுச் செய்தி சொல்லும்போது 'டைட்' என்ற நேரான சொல்லையே பயன்படுத்தச் சொல்லி இங்கே பயிற்சி தருகிறார்கள். உறவினர்கள் பாஸ்ட் அவே, ஸ்லிப்ட் அவே என்பார்கள், அது அவர்கள் துக்கத்தின் மொழி. செய்தி சொல்கிற நாம் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது. நம் ஊரிலும் "அப்பா போயிட்டார்" என்று போனில் சொன்னால், எங்கே போனார் என்று கேட்கிறவர்கள் உண்டு.

அவே எப்போதும் துக்கமானதும் இல்லை. "கேன் ஐ ஆஸ்க் யூ எ ஃபியூ க்வெஸ்சன்ஸ்?" என்று நீங்கள் கேட்டால் பேஷண்ட் "ஆஸ்க் அவே" என்றோ "ஃபயர் அவே" என்றோ சொல்லலாம். போய்விடு என்று சொல்லவில்லை. தாராளமாகக் கேள், தடையில்லை என்கிறார். இரண்டு கிழவிகள் சாட்டிங் அவே என்றால் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆஃப். என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ள இதைவிட ருசியான சொல் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவதும் இதில்தான்.

"த பம்ப்ஸ் கோயிங் ஆஃப்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கத்துகிறார். ஆஃப் என்றதும் நம் மனம் சுவிட்சுக்குப் போகும், மருந்து ஏற்றுகிற பம்ப் நின்றுவிட்டது என்று நினைப்போம். அவர் சொல்வது பம்பில் அலாரம் அடிக்கிறது என்று. நைட் டியூட்டி முடித்தவர்கள் அடுத்து வருகிறவர்களிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் "பெட் சிக்ஸ் வென்ட் ஆஃப் அட் த்ரீ" என்றால் ஆறாம் படுக்கைக்காரருக்கு மூன்று மணிக்கு உடம்பு மோசமாகிவிட்டது. அதே ஆறாம் படுக்கைக்காரரின் மனைவி விரலை உதட்டில் வைத்து "ஹி'ஸ் ஜஸ்ட் கான் ஆஃப்" என்றால் இப்போதுதான் கண்ணசந்தார். வார்டு ஃபிரிட்ஜில் பால் கான் ஆஃப் என்றால் கெட்டுவிட்டது. வராந்தா விளக்கு வென்ட் ஆஃப் என்றால் அணைந்தது. ஒரே கோ ஆஃப், ஐந்து விஷயம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் இது ஐந்து தனித்தனி வரி. ஆஃப் என்றால் ஒன்றை விட்டு விலகுவது, கழன்று போவது என்று பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒரே வரி. எதைவிட்டு விலகியது என்று மட்டும் கேளுங்கள். விளக்கு மின்சாரத்தை விட்டு. தூங்கினவர் விழிப்பை விட்டு. பாலும் மோசமானவரும் நல்ல நிலையை விட்டு. அலாரம், அடங்கியிருந்த நிலையை விட்டு. துப்பாக்கி வெடிப்பதும் கோ ஆஃப்தான். பிடித்து வைத்திருந்தது விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன கால் திரும்ப உணர்வுக்கு வருவதை வேர் ஆஃப் என்பார்கள். மருந்து தேய்ந்து தேய்ந்து உடம்பை விட்டு விலகுகிறது. "ஹேஸ் இட் வோர்ன் ஆஃப்?" என்று கேட்டுவிட்டு கால்விரலை அசைக்கச் சொல்லிப் பார்ப்போம். ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது வீன் ஆஃப். சாப்பாடு பிடிக்காமல் போனவர் ஆஃப் ஹிஸ் ஃபுட். "கீப் த வெயிட் ஆஃப் தட் லெக்" என்று எலும்பு டாக்டர் சொன்னால் அந்தக் காலை ஊன்றவே கூடாது. இந்த ஒரு வாக்கியத்தில் ஆஃப் காதில் விழாமல் போனால் போட்ட பிளேட்டும் ஸ்க்ரூவும் என்ன ஆகும் என்று எலும்பு வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆன் என்றால் ஒட்டியிருப்பது. ஆஃபுக்கு நேர் எதிர். ஆன் ஆக்சிஜன், ஆன் ஆன்டிபயாடிக்ஸ். ஒட்டியே இருந்தால் தொடர்கிறது என்று அர்த்தம், அதனால் கேரி ஆன், கீப் ஆன், கோ ஆன். டிஸ்சார்ஜ் ஆகிறவரிடம் "கேரி ஆன் வித் த டேப்லட்ஸ்" என்றால் மாத்திரையை நிறுத்தாமல் தொடரச் சொல்கிறோம். இதற்கு மேல் ஆனுக்கு விளக்கம் தேவைப்படாது.

கம் ரவுண்ட் என்பது மயக்கம் தெளிவது. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப நம் பக்கம் வந்து சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து ரெக்கவரியில் இருந்து போன் வரும்போது "ஹி'ஸ் கமிங் ரவுண்ட் நைஸ்லி" என்பார்கள். புல் த்ரூ என்றால் பிழைத்துக்கொள்வது. நோய் என்ற இருட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டார். கெட் ஓவர் என்றால் நோயைத் தாண்டிக் குதித்துவிட்டார். சளிக்காய்ச்சலை கெட் ஓவர் என்பார்கள், பெரிய கண்டத்துக்கு புல் த்ரூ என்பார்கள். மனைவியை இழந்தவரிடம் "யூ'ல் கெட் ஓவர் இட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் ஆறுதலாகத்தான் சொல்வோம், அவர் காதில் 'தாண்டிப் போ, மறந்துவிடு' என்று விழும். கெட் த்ரூ என்றால் அந்தத் துக்கத்துக்கு உள்ளேதான் இருக்கிறோம், நடந்து கடக்கிறோம் என்று ஆகிவிடும். மனிதரை மதிக்கிற சொல் அது.

இதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் ஆவல் இருந்தது. 1755-இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்த முறைதான் வெளிநாட்டவருக்குப் பெரிய கஷ்டம் தருகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். ஆக இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக உள்ளே வந்தன. படிப்பின் மொழியாக லத்தீன் இருந்ததால் அதிலிருந்தும் வந்தன. அதனால் பல விஷயங்களுக்கு இரண்டு சொல் ஆனது, வீட்டில் பழைய சின்னச் சொல், எழுத்தில் வந்து சேர்ந்த பெரிய சொல்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய சொற்களுக்குள்ளும் இதே திசைகள்தான் ஒளிந்திருக்கின்றன. லத்தீனில் முன்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் பின்னால் ஒட்டும். எக்ஸ்ஹேல் என்பதில் எக்ஸ் என்றால் வெளியே. ப்ரீத் அவுட் என்பதும் அதுவேதான். ப்ரொலாப்ஸ் என்றால் முன்னால் நழுவியது. டிஸ்க் ப்ரொலாப்ஸ் என்று டாக்டர் எழுதுவதை பேஷண்ட் "இட் ஸ்லிப்ட் அவுட்" என்கிறார். எங்கள் வார்டில் தினமும் புழங்கும் ரிடக்‌ஷன் என்ற சொல்லைப் பாருங்கள். நழுவிய மூட்டை, விலகிய எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது. லத்தீனில் 'ரீ' திரும்ப, 'டூகெரே' நடத்திச் செல். திரும்ப நடத்திச் செல்வது. பேஷண்டுக்கு ரிடக்‌ஷன் என்றால் ஏதோ குறைப்பது, ஒருவேளை எலும்பையே கொஞ்சம் வெட்டிக் குறைப்பார்களோ என்று பயம். "தே'ல் புட் இட் பேக் இன்" என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். பேக், இன். திரும்ப, உள்ளே. லத்தீன் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது, அவர் மொழியில்.

ஓஇடி எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ரைட்டிங்கில் நீங்கள் எழுதுவது பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ ஒரு கடிதம். அங்கே வாமிட்டட், டிஸ்கன்டின்யூட் என்று ஒற்றைச் சொல் போடுங்கள். ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல் ப்ளே, எதிரே இருப்பவர் பேஷண்டாகவோ உறவினராகவோ பேசுவார். அங்கே போய் "ஹேவ் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட் எமெஸிஸ்" என்று கேட்டால் எடுபடாது. "ஹேவ் யூ பின் த்ரோயிங் அப்?" போதும். வேலையிலும் இதேதான் நடக்கப் போகிறது. பாட்டி சொன்னதை சார்ட்டுக்கு ஏற்ற சொல்லாக மாற்றி எழுதுவோம், டாக்டர் எழுதியதைப் பாட்டிக்கு ஏற்ற சொல்லாக மாற்றிச் சொல்வோம்.

அப்புறம் காது விஷயம். புத்தகத்தில் படித்துப் புரிந்தவர்கள்கூட வார்டில் திணறுவதற்குக் காரணம், இந்தச் சொற்கள் தனித்தனியாகக் காதில் விழுவதில்லை. 'டேக் இட் ஆஃப்' என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, 'டேக்கிடாஃப்' என்றுதான் வரும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்'. மெய்யில் முடியும் சொல்லுக்கு அடுத்து உயிர் வந்தால் இரண்டும் ஒட்டும் என்று பள்ளியில் புணர்ச்சி விதி படித்தோமே, அதேதான். அப், அவுட், ஆஃப், ஆன், இன், ஓவர், அவே எல்லாமே உயிரெழுத்தில் ஆரம்பிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். முன்னால் இருக்கும் மெய்யில் ஏறி உட்கார்ந்துவிடும்.

நல்லவேளையாக இன்னொரு உதவி இருக்கிறது. இந்த மாதிரி வினைகளில் குரல் அழுத்தம் சின்னச் சொல்லில்தான் விழும். 'டேக் இட் ஆஃப்' என்பதில் உச்சரிப்பு ஓங்குவது ஆஃப் மேல். 'லுக் அட் இட்' என்பதில் அப்படி இல்லை, ஓங்குவது லுக், அட் அமுங்கிவிடும். ஏனென்றால் அந்த அட் வெறும் வேற்றுமை உருபு மாதிரி, லுக்கின் அர்த்தத்தை மாற்றவில்லை. ஆக எந்தச் சின்னச் சொல் ஓங்கி ஒலிக்கிறதோ அது அர்த்தத்தைச் சுமக்கிறது. நம் காது முதலில் வரும் வினையைப் பிடிக்கப் பாயும். அதைப் பழக்கப்படுத்தி வாக்கியத்தின் வால் பக்கம் அனுப்ப வேண்டும். டிவியில் மருத்துவமனைத் தொடர் ஏதாவது சப்டைட்டில் இல்லாமல் போட்டு, ஓங்கி விழும் அப், அவுட், ஆஃபை மட்டும் எண்ணிக்கொண்டு கேளுங்கள். கதை புரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பேசும்போது இட், தெம் போன்ற சொல் வந்தால் அது நடுவில்தான் போகும். 'புட் யுவர் ஸ்லிப்பர்ஸ் ஆன்', 'புட் ஆன் யுவர் ஸ்லிப்பர்ஸ்' இரண்டும் சரி. 'புட் தெம் ஆன்' சரி, 'புட் ஆன் தெம்' தப்பு. அந்த ஓங்கி விழும் சொல் கடைசியில் வரத் துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. 'லுக் ஆஃப்டர் ஹர்' போன்றவை பிரியாது, அவற்றைத் தனியாகத்தான் பழகவேண்டும்.

நோட்டு போடுவதென்றால் வினைக்கு ஒரு பக்கம் என்று போடாதீர்கள். திசைக்கு ஒரு பக்கம் போடுங்கள். அப்புக்கு நான்கு பக்கம் விடுங்கள், அவுட்டுக்கும் ஆஃபுக்கும் மூன்று, மற்றவற்றுக்கு ஒன்று. கேட்ட சொல்லை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யோசிக்கும் அந்த நேரத்தில்தான் அது மனதில் தங்குகிறது.

எல்லாம் இப்படி அடங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது. திசையிலிருந்து அதைக் கறந்தெடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். டேக் ஆஃப்டர், அதாவது சாயலில் பெற்றோரைக் கொள்வது, அதுவும் அப்படியே. "மை நீஸ் ப்ளேயிங் அப்" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், முழங்கால் தொல்லை கொடுக்கிறது என்று. இது போன்றவற்றுக்காகக் கடைசியில் ஒரு பக்கம் விட்டுவையுங்கள்.

புரியாத ஒன்று வந்தால், புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு நகராதீர்கள். "கேன் யூ ஷோ மீ வேர்?" என்று கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார். வலி இல்லை, வேறு ஏதோ என்றால் "வாட் ஹேப்பன்ஸ் வென் இட் டஸ் தட்?" என்று கேளுங்கள். முழங்காலைத் தொட்டுக் காட்டி, படி இறங்கும்போது சட்டென்று மடங்கிவிடுகிறது என்று வேறு சொற்களில் விளக்குவார். அன்றைக்கு 'கிவ் வே' என்ற இன்னொரு சொல்லும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அவரைத் தனியாகப் படி இறங்க விடக்கூடாது என்று சார்ட்டிலும் எழுதியிருப்பீர்கள்.